நண்டும் புற்றும்

ஒரு நூலைப் பற்றி எழுதுமுன், அது என் கைக்கு வந்து சேர்ந்த வழியைச் சொல்லிவிடுவதே நேர்மை என எண்ணுகிறேன். என் பங்கில் செவிலியராகப் பணிபுரியும் இளம்பெண் ஒருவர் அதைக் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய தாய்க்கு மார்பில் புற்றுநோய். தாயின் அக்காள் சூலகப் புற்றால் மறைந்தவர். பாட்டியும் நாற்பது வயதைத் தாண்டவில்லை. என்ன நோய் என்று அக்காலத்தில் யாரும் பெயர் சொல்லவில்லை. அக்குடும்பத்தின் ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் காட்டும் செய்திகளை விட்டுவிட்டேன்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன் எங்கள் பங்கில் ஒரு தியானம் நடந்தது. வெளியிலிருந்து வந்த போதகர் எல்லோருக்கும் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, நான்கு தலைமுறை முன்னோரின் பெயர்களை எழுதி, யார் யாருக்கு என்னென்ன நோய் வந்தது எனக் குறிக்கச் சொன்னார். முன்னோரின் பாவக் கட்டுகளை ஒவ்வொன்றாக அறுக்க வேண்டுமாம். முன்வரிசையில் அமர்ந்திருந்த நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அழைத்துவந்தவனே நான்தான். அந்தப் பெண் தாளை நிரப்பாமல் மடித்து வைத்துக்கொண்டார். பிறகொரு நாள் அதை என் மேசைமேல் விரித்து, “இதே படத்தைத்தான் சாமி ஆஸ்பத்திரியிலயும் போடச் சொன்னாங்க. வட்டம் போட்டா பொம்பள, கட்டம் போட்டா ஆம்பள. அங்க பாவம்னு சொல்லல” என்றார். கூடவே அந்தத் தடித்த நூலையும் வைத்துவிட்டுப் போனார். படித்துவிட்டு எனக்கு ஒரு பதில் சொல்லுங்கள் என்பது அதன் பொருள்.

நூல், சித்தார்த்த முகர்ஜி ஆங்கிலத்தில் எழுதி 2010இல் வெளிவந்த ‘தி எம்பரர் ஆஃப் ஆல் மாலடீஸ்’. ‘நோய்களுக்கெல்லாம் பேரரசன்’ எனலாம். புற்றுநோயின் வாழ்க்கை வரலாறு என்று தன்னை அழைத்துக்கொள்கிறது. 2011ஆம் ஆண்டின் புலிட்சர் பரிசு பெற்றது. ஆசிரியர் தில்லியில் பிறந்து அமெரிக்காவில் பணிபுரியும் புற்றுநோய் மருத்துவர். பெரிய நூல்தான், ஆனால் கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. இரத்தப் புற்றோடு வந்து சேரும் கார்லா என்ற மழலையர் பள்ளி ஆசிரியையோடு தொடங்கி, பாரசீக அரசி அத்தோசாவின் மார்புக்கட்டி, ஹால்ஸ்டெட்டின் இரக்கமற்ற அறுவைக் கத்தி, பாஸ்டன் நகர்ப் பிள்ளைகள் மருத்துவமனையின் நிலவறையில் சிட்னி ஃபார்பர் நடத்திய சோதனைகள் என்று நூற்றாண்டுகளைத் தாவித் தாவிச் செல்கிறது. மருத்துவ வரலாற்றைப் புதினத்தின் ஓட்டத்தோடு சொல்லும் வல்லமை இவருக்கு வாய்த்திருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

என்னை மிகவும் தொட்ட பக்கங்கள் ஃபார்பரின் மருந்து வந்த வழியைச் சொல்பவை. பம்பாய் ஆலைத் தொழிலாளப் பெண்களின் இரத்தசோகைக்கு மருந்து தேடிய லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர், மார்மைட் என்னும் மலிவான ஈஸ்ட் சாற்றில் அதைக் கண்டார். அதிலிருந்த சத்துதான் ஃபோலிக் அமிலம் எனப் பின்னர் தெரிந்தது. அதைச் செயற்கையாக உருவாக்கியவர் எல்லாப்பிரகத சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்கா சென்றவர். ஹார்வர்டு அவருக்கு நிலையான இடம் தரவில்லை. லெடர்லே என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடமே இடம் தந்தது. ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றமளித்து அதன் வேலையைத் தடுக்கும் பொருள்களையும் அவருடைய குழு செய்தது. 1947இல் ஃபார்பர் அவற்றை இரத்தப் புற்றுற்ற குழந்தைகளுக்குச் செலுத்தினார். நோய் முதன்முறையாகப் பின்வாங்கியது. சில மாதங்களுக்கு மட்டும். அக்குழந்தைகளில் ஒருவனான இராபர்ட் சாண்ட்லருக்கே முகர்ஜி தம் நூலைக் காணிக்கையாக்கியிருக்கிறார். மூன்று வயதில் இறந்தவன். அவன் இரட்டையருள் ஒருவன், மற்றவன் நலமாயிருந்தான். ஒரே கருவறை, ஒரே வீடு, ஒரே உணவு. இந்த இரட்டையரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இனி என் மனக்குறை. அது நூலின் தலைப்பிலிருந்தே தொடங்குகிறது.

பேரரசன், பகைவன், படையெடுப்பு, முற்றுகை, போர்: இச்சொற்களே நூலின் முற்பாதி முழுவதையும் தாங்கி நிற்கின்றன. அவற்றை முகர்ஜி உருவாக்கவில்லை. தலைப்பே பத்தொன்பதாம் நூற்றாண்டு அறுவை மருத்துவர் ஒருவரின் எழுத்திலிருந்து எடுக்கப்பட்டது. போர் என்ற சொல்லையோ 1971 டிசம்பரில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட தேசியப் புற்றுநோய்ச் சட்டத்தோடு அமெரிக்காவே ஏற்றுக்கொண்டது. எனினும், ஒரு நோய்க்கு வாழ்க்கை வரலாறு எழுதுபவர் அதற்கு உள்ளத்தையும் நோக்கத்தையும் தந்தே ஆக வேண்டியிருக்கிறது. தந்த பிறகு அது நமக்கு வெளியே நிற்கும் ஓர் ஆளாகிவிடுகிறது. குருமடத்தில் மனிக்கேயரைப் பற்றிப் படித்தது நினைவுக்கு வந்தது. ஒளிக்கு ஓர் அரசு, இருளுக்கு ஓர் அரசு, இரண்டுக்கும் இடையே ஓயாத போர் என்பது அவர்தம் கொள்கை. புனித அகுஸ்தீன் இளமையில் சில ஆண்டுகள் அக்கொள்கையில் கிடந்து, வெளியேறி, தீமை என்பது தனித்து நிற்கும் ஒரு பொருளன்று, இருக்க வேண்டிய நன்மையின் குறைவே என்ற முடிவுக்கு வந்தார். முகர்ஜியின் நூலில் இவ்விரு பார்வைகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன. மோதுவது அவருக்கே தெரிந்ததா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. கதை சொல்லும் பக்கங்கள் மனிக்கேயரின் பக்கம். அறிவியல் பேசும் பக்கங்களோ அகுஸ்தீனின் பக்கம்.

சான்றுக்கு ஒன்று. 1909இல் நியூயார்க்கில் பெய்டன் ரௌஸ் என்ற ஆய்வாளரிடம் கட்டியுள்ள ஒரு பெட்டைக்கோழியைக் கொண்டுவந்தார்கள். அக்கட்டியின் சாறு, உயிரணு எதுவும் இல்லாதபடி வடிகட்டிய பின்னும், வேறு கோழிகளில் கட்டியை உண்டாக்கியது. ஏதோ ஒரு வைரஸ். சரிதான், வெளியிலிருந்து வரும் பகைவன் அகப்பட்டான் என்று பின்வந்த ஆய்வாளர் பலர் நம்பினர். ரௌஸுக்கு நோபல் பரிசு 1966இல், எண்பத்தேழாம் வயதில் கிடைத்தது. பத்தாண்டு கழிந்து, 1976இல், பிஷப்பும் வார்மஸும் தம் துணைவர்களோடு வெளியிட்ட உண்மை எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. கட்டியை உண்டாக்கும் அந்த வைரஸ் மரபணு, வைரஸின் சொந்தச் சொத்தன்று. நலமான கோழியின் உயிரணுவிலிருந்து எப்போதோ களவாடியது. அதன் உடன்பிறப்பு எல்லாக் கோழிகளிலும் இருக்கிறது, மனிதரிடமும் இருக்கிறது. ஊறு செய்வதற்காக அங்கே வைக்கப்பட்டதன்று. வளர்ச்சிக்கான கட்டளையைக் கடத்துவது அதன் அன்றாடப் பணி. பணி ஓய வேண்டிய நேரத்தில் ஓயாதபடி அது பழுதுபட்டால் புற்று. பகைவனைத் தேடிப் போனவர்கள் வீட்டுப் பிள்ளையைக் கண்டார்கள்.

கிரேக்கர் இந்நோய்க்கு நண்டு என்று பெயர் வைத்தனர். கட்டியைச் சுற்றிப் புடைத்த நாளங்கள் நண்டின் கால்களாக அவர்களுக்குத் தெரிந்தன. நண்டு வெளியிலிருந்து வந்து பற்றிக்கொள்வது. நம் தமிழிலோ புற்று என்கிறோம். கறையான் புற்று எங்கிருந்தோ வந்து இறங்குவதில்லை. நம் கொல்லை மண்ணையே எடுத்து, நம் கொல்லையிலேயே எழும்புகிறது. பெயர் வைத்தவர்கள் இதை நினைத்து வைத்தார்கள் என்று நான் வாதாட வரவில்லை. ஆயினும் முகர்ஜி நண்டைப் பற்றிச் சொல்வதைப் படித்தபோது, நம் சொல்லே உண்மைக்கு அருகில் நிற்பதாகத் தோன்றியது.

நூலின் நெஞ்சம் எனக்கு வேறிடத்தில் துடிக்கிறது. அது விழித்திரைப் புற்றைப் பற்றிய பகுதி. சிறு பிள்ளைகளின் கண்ணில் வருவது. சில வேளை புகைப்படத்தில் கண்மணி வெள்ளையாகத் தெரிவதுதான் முதல் அறிகுறி. 1872இல் பிரேசில் நாட்டுக் கண் மருத்துவர் இலாரியோ தெ கோவேயா ஒரு நிகழ்வைப் பதிவு செய்தார். ஒரு சிறுவனுக்கு இந்நோய், கண்ணை எடுத்துவிட்டார்கள், பிழைத்தான். வளர்ந்து, குடும்பத்தில் இந்நோயே இல்லாத ஒரு பெண்ணை மணந்தான். பிறந்த குழந்தைகளுள் இரு பெண்களுக்கு இரண்டு கண்களிலும் அதே நோய், இருவரும் இறந்தனர். தான் பிழைத்ததன் விலையை அவன் பிள்ளைகளிடத்தில் கண்டான். முகர்ஜி இதைச் சில வரிகளில் சொல்லிவிட்டு அறிவியலுக்குப் போய்விடுகிறார். நான் அந்த வரிகளிலேயே ஒரு மாலைப்பொழுது நின்றுவிட்டேன். அந்தத் தகப்பனை யார் போய்ப் பார்த்தார்கள்? என்ன சொன்னார்கள்?

நூறாண்டுக்குப் பின், டெக்சாசில், ஆல்ஃபிரட் நட்சன் என்ற குழந்தை மருத்துவர் இப்புதிரை விடுவித்தார். 1971, நிக்சன் போர்ச்சட்டத்தில் கையெழுத்திட்ட அதே ஆண்டு. நட்சனிடம் படை இல்லை. 48 குழந்தைகளின் நோய்க்குறிப்புகள் இருந்தன. குடும்ப வழியாக வந்தோருக்கு நோய் மிக இளமையில், பெரும்பாலும் இரு கண்களிலும். மற்றவர்க்குச் சற்றுப் பிந்தி, ஒரு கண்ணில் மட்டும். வயதையும் எண்ணிக்கையையும் வரைபடத்தில் இட்டபோது, முதல் கூட்டத்துக்கு ஒரு நிகழ்ச்சி போதும், இரண்டாம் கூட்டத்துக்கு இரண்டு தேவை என்று கணக்கு சொன்னது.

எங்கள் பங்கில் காணிக்கைப் பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு திறவுகோல் என்னிடம், மற்றது பொருளாளரிடம். ஒரு பூட்டு உடைந்தாலும் பெட்டி திறக்காது. ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டாகவே நமக்குக் கிடைக்கிறது. உயிரணு கட்டுமீறிப் பெருகாமல் காக்கும் மரபணுக்களும் அப்படியே இரட்டைப் பூட்டு. நம்மில் பெரும்பாலோர் இரு பூட்டும் நன்றாயிருக்கப் பிறக்கிறோம். ஒரே உயிரணுவில் இரண்டும் பழுதாக நெடுங்காலம் ஆகும், பலருக்கு ஆகாமலே போகும். சிலரோ உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் ஒரு பூட்டு உடைந்த நிலையிலேயே பிறக்கின்றனர். அவர்கள் மரபுரிமையாகப் பெறுவது நோயை அன்று. நோய்க்கு ஒரு பூட்டுக் குறைந்த வாழ்க்கையை. 1986இல் அந்த மரபணுவையே 13ஆம் குரோமோசோமில் பிரித்தெடுத்தனர். நோய்க்குக் காரணமாக அங்கே கண்டது ஏதோ ஒரு கொடிய பொருளையன்று. இருக்க வேண்டியது இல்லாமற்போனதை. அகுஸ்தீனை நினைத்துக்கொண்டேன். ஒப்புமையை இதற்குமேல் இழுக்கக் கூடாது. இறையியல் ஆசிரியர்கள் சினப்பார்கள், மருத்துவர்கள் நகைப்பார்கள்.

நூலை என்னிடம் தந்த பெண்ணின் குறை இந்த இடத்தில்தான் எழுகிறது. “இதுல டாக்டர் இருக்காங்க, நோயாளி இருக்காங்க. நோயாளியோட மக எங்க சாமி?” என்று கேட்டார். கடுமையான திறனாய்வு; ஆனால் நியாயமானது. மேரி-கிளேர் கிங் 1990இல், குடும்ப வழி மார்பகப் புற்றுக்குக் காரணமான மரபணு ஒன்று 17ஆம் குரோமோசோமில் இருப்பதைக் காட்டினார். பி.ஆர்.சி.ஏ.-1 எனப்படும் அது 1994இல் பிரித்தெடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு இரண்டாவது. நட்சனின் கணக்கே இங்கும் செல்லும். இந்த நூலில் அதற்குக் கிடைத்த இடமோ, மருந்துச் சோதனைகளின் வெற்றி தோல்விகளுக்குக் கிடைத்த இடத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது. அந்த மகளின் இரவுகளுக்கு இடமே இல்லை.

வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டிய சிலவற்றை நானே சொல்லிவிடுகிறேன். எல்லாப் புற்றுநோய்களிலும் இவ்வாறு வலுவாகக் குடும்ப வழி வருபவை ஏறக்குறைய 5 முதல் 10 விழுக்காடுதான். அத்தகைய குடும்பத்திலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பழுதான பிரதி வருவது பூவா தலையா போட்டது போன்றது. வந்த எல்லோருக்கும் நோய் வந்துவிடுவதும் இல்லை. முன்னறிந்தால் அடிக்கடி சோதித்துக்கொள்ளவும், தேவையானால் தடுப்பு அறுவை செய்துகொள்ளவும் வழியுண்டு. இன்னொன்று: இது பெண் வழி நோய் என்று நம் வீடுகளில் பேசுகிறார்களே, அது பிழை. ஆண்களும் அந்த மரபணுவைத் தாங்கித் தம் புதல்வியருக்குக் கொடுக்கிறார்கள். தனக்கு நோய் வராத தகப்பன் அதை அறியாமலே கொடுக்கிறான். பெண் பார்க்க வருவோர் தாய் வீட்டு நோயை விசாரிப்பதும், அதற்கு அஞ்சிப் பெண் வீட்டார் இறப்பின் காரணத்தையே மறைப்பதும் நாம் காண்பவைதாம். மறைப்பதனால் மகளுக்குக் கிடைக்க வேண்டிய எச்சரிக்கை மறைகிறது. வட்டமும் கட்டமும் போட்ட அந்தப் படத்தைப் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா 1866இலேயே தம் மனைவியின் குடும்பத்தைக் கொண்டு விளக்கிவிட்டார். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் நாங்கள் அதே படத்தைச் சாபம் அறுக்கப் பயன்படுத்தினோம்.

எஞ்சிய பெரும்பகுதிப் புற்றுநோய்கள் வாழ்நாளில் நேர்பவை. இலண்டன் புகைக்கூண்டுகளைத் துடைத்த ஏழைச் சிறுவர்கள் வளர்ந்தபின் விதைப்பையில் புற்று வந்ததைப் பெர்சிவல் பாட் 1775இல் எழுதினார், காரணம் கரி. 1950இல் புகையிலையின் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது. கருப்பைவாய்ப் புற்றுக்கு வேராகும் வைரஸைக் கண்ட ஹரால்டு சுர் ஹாவ்சனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது, தடுப்பூசியும் இருக்கிறது. இவற்றை முகர்ஜி நன்றாகவே சொல்கிறார். நூல் வெளிவந்தபின் 2015இல் தொமசெத்தி, வோகல்ஸ்டைன் இருவரும் 31 வகைப் புற்றுகளை ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினர். ஓர் உறுப்பின் மூல உயிரணுக்கள் எத்தனை முறை பிரிகின்றனவோ, அதற்கேற்ப அவ்வுறுப்பில் புற்று வரும் வாய்ப்பும் கூடுகிறது என்றனர். படி எடுக்கும்போது எழுத்துப்பிழை நேர்வதைப் போல, ஒவ்வொரு பிரிவிலும் சில பிழைகள் தாமாகவே நேர்கின்றன. மூன்றில் இரண்டு பங்குப் புற்றுநோய் வெறும் துரதிர்ஷ்டம் என்று செய்தித்தாள்கள் எழுதியது தவறான வாசிப்பு. உறுப்புக்கு உறுப்பு உள்ள வேறுபாட்டைப் பற்றியது அக்கணக்கு. எனினும் மரபும் அன்று, பழக்கமும் அன்று என்ற மூன்றாம் காரணம் உண்டு என்பது நிலைத்தது. அந்த இரட்டையர் இதற்காகவே என் நினைவில் நின்றனர்.

யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் பிறவிக்குருடரைக் கண்ட சீடர்கள் இரண்டே விடைகளை வைத்துக் கேட்கிறார்கள்: அவர் செய்த பாவமா, பெற்றோரின் பாவமா? ஆண்டவர் இரண்டையும் மறுக்கிறார். இறைவாக்கினர் எசேக்கியேல் அதற்கும் ஆறு நூற்றாண்டு முன்பே புளித்த திராட்சைப் பழமொழியை இஸ்ரயேலர் இனிச் சொல்லலாகாது எனத் தடுத்தார். ஆண்டவர் உயிரணுப் பிரிவைப் பற்றிப் பேசினார் என்று சொல்லும் அளவுக்கு நான் பேதையல்லன். ஆனால் தியானத்தில் அந்தத் தாளை வாங்கிய ஒவ்வொருவரிடமும் சீடர்களின் கேள்வியையே கொடுத்தோம், மறுமொழியைக் கொடுக்கவில்லை. பிறகு வந்த ஞாயிறு மறையுரையில் இதைச் சொன்னேன். சிலருக்குப் பிடிக்கவில்லை.

முகர்ஜிக்கு நீதி செய்ய இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2016இல் அவர் மரபணுவைப் பற்றி எழுதிய ‘தி ஜீன்’, கொல்கத்தாவில் மனநோய் இல்லத்தில் இருக்கும் தம் ஒன்றுவிட்ட அண்ணனைக் காணப் போவதோடு தொடங்குகிறது. தந்தையின் உடன்பிறந்தார் இருவருக்கும் மனநோய். தமக்கோ தம் பிள்ளைகளுக்கோ வருமோ என்ற அச்சத்தை மறைக்காமல் எழுதுகிறார். முதல் நூலில் கட்டிலருகே நின்றவர், இரண்டாம் நூலில் அந்த வட்டங்களுக்கும் கட்டங்களுக்கும் நடுவே தம்மையும் வரைந்துகொள்கிறார். முன்னது பரிசு பெற்றது. பின்னதே எனக்கு உயர்ந்த நூலாகத் தோன்றுகிறது. சூசன் சோன்டாக் 1978இல் நோயை உருவகமாக்குவதைக் கண்டித்து எழுதிய சிறு நூலும் இங்கே நினைக்கத்தக்கது. அவர் தமக்கே புற்றுநோய் வந்திருந்ததை அதில் சொல்லவே இல்லை. அதற்கும் அவருக்கு உரிமை உண்டு.

மற்றபடி நூல் பெரிதும் அமெரிக்க நூலே. தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954இல் அடையாற்றில் மருத்துவமனை தொடங்கிய கதைபோன்றதை இதில் எதிர்பார்க்க இயலாது. ஒரு வகை இரத்தப் புற்றை அடக்கும் இமாட்டினிப் மருந்தின் கண்டுபிடிப்பைக் கண்ணீர் வரச் சொல்கிறார். அதன் காப்புரிமைக் கோரிக்கையை 2013 ஏப்ரல் முதல் நாள் நம் உச்ச நீதிமன்றம் மறுத்ததும், அதனால் விலை குறைந்த மாத்திரை நம் ஏழைகளுக்குத் தொடர்ந்து கிடைத்ததும் நூலுக்குப் பின் நடந்தவை.

நூலை இரண்டு மாதம் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தேன். பதில் என்ன என்று அவர் கேட்கவில்லை. சோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். முடிவு வர மூன்று வாரம் ஆகுமாம். பழுது இருக்கிறதென்று வந்தால் தாய்மாமனிடம் சொல்ல வேண்டும். அவருக்கு மணமாகாத இரு பெண்கள். இது பொம்பளைங்க வழி, எனக்கென்ன என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். “நான் சொன்னா அடிப்பாரு சாமி. நீங்க கூட வரணும்.” வருகிறேன் என்றேன். அந்தத் தாளையும் எடுத்து வைத்திருக்கிறேன். வட்டமும் கட்டமும் போட அதில் இடம் இருக்கிறது.